ஐப்பசி மழைக்குச் சித்திரை வெயில்

விதை நெல்லைப் பக்குவமாகக் காயவைத்து மூடி வைக்காத குடியானவர் இல்லை. வைக்கோலை மழை நனைக்காதபடி போராக அடுக்கி முகடு கட்டாதவரும் இல்லை. மறு போகத்து நிலத்துக்கும் நாளைய மாட்டுக்கும் வேண்டுவனவற்றை இன்றே ஒதுக்கி வைக்கும் முன்யோசனை வேளாண்மைத் தொழிலோடு உடன்பிறந்தது. ஆயினும் அதே குடியானவர் வீட்டு அடுக்களையில் ஐப்பசி மாதத்து அடைமழை நாளொன்றில் புகுந்து பார்ப்பவர், அங்கே அம்முன்யோசனை எட்டிப் பார்க்கவில்லை என்பதைக் காண்பர். ஐந்து ஏக்கர் நிலத்துக்கு உடையவர் குடையைப் பிடித்துக்கொண்டு கடைத்தெருவுக்குச் சென்று, வாடிய கத்தரிக்காயை அரைக் கிலோவும் தக்காளியைக் கால் கிலோவுமாகக் கேட்ட விலைக்கு வாங்கி வருகிறார். அதே கத்தரிக்காயைப் பங்குனியில் பறிப்புக் கூலிக்குக் கட்டாது என்று செடியிலேயே முற்ற விட்டவரும் அவரே.

விளைந்தபொழுது ஒரு நஷ்டம், விளையாதபொழுது மற்றொரு நஷ்டம் என இவ்விரட்டை நஷ்டம் அநேகம் குடும்பங்களில் ஆண்டுதோறும் நேர்கிறது. கோடையில் இறைவைத் தோட்டங்களின் காய்கள் ஒரே சமயத்தில் சந்தையில் வந்து குவிகின்றன. கூலியும் வண்டி வாடகையும் தரகும் போக மிஞ்சுவது சொற்பம். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் பெய்துவிடுகிறது. அக்காலத்தில் தோட்டங்களில் நீர் தேங்கிச் செடிகள் அழுகுகின்றன, சந்தைக்கு வரவு குறைகிறது, விலை ஏறுகிறது. இவ்வேற்றத்தாழ்வு எவ்வளவு கொடிது என்பதற்கு 2023-ஆம் ஆண்டு ஒன்றே போதிய சான்று. அவ்வாண்டு ஜூலை மாதத்தில் தக்காளியின் சில்லறை விலை கிலோ 100 ரூபாயைக் கடந்தது. அரசாங்கமே சென்னையில் நியாயவிலைக் கடைகளின் வாயிலாகக் கிலோ 60 ரூபாய்க்கு விற்க முன்வந்தது. செப்டம்பர் மாதத்திலோ அதே தக்காளி தென்னிந்தியச் சந்தைகள் பலவற்றில் பறிப்புக் கூலிக்கும் போதாத விலைக்கு வீழ்ந்தது.

சந்தையின் போக்கைத் திருத்துவது தனியொரு குடும்பத்தின் கையில் இல்லை. ஆனால் தன் வீட்டுச் சட்டியில் என்ன கொதிக்க வேண்டும் என்பது அக்குடும்பத்தின் கையிலேயே இருக்கிறது. சந்தைக்குக் கூடை ஏறுமுன் அடுக்களைக்கு ஒரு கூடை இறங்க வேண்டும். அக்கூடையை வெயிலும் உப்பும் கொண்டு ஐப்பசி வரையில் காப்பதும் சாகுபடியின் ஒரு பகுதியே ஆகும். இது பெண்டிரின் ஓய்வுநேர வேலை என்று ஒதுக்கத் தக்கதன்று. குடும்பத் தலைவரும் ஊர்ப் பொறுப்பாளரும் கருத்தூன்ற வேண்டிய காரியம்.

பிற நாட்டு வழக்கம்

அடுக்களைச் செய்தி வேளாண்மை ஏட்டுக்கு எதற்கு என்று வினவுவாரும் உளர். அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1914-ஆம் ஆண்டில் ஸ்மித்–லீவர் சட்டம் இயற்றப்பட்டு, குடியானவர்களுக்கு வேளாண்மைக் கல்வியை ஊர்தோறும் கொண்டு செல்லும் ஏற்பாடு நிறுவப்பட்டது. உழவும் உரமும் கற்பித்த அவ்வேற்பாட்டிலேயே இல்லப் பொருளியலும் சேர்க்கப்பட்டது. விளைந்த காய்கனிகளைக் கெடாமல் அடைத்து வைக்கும் முறையைப் பண்ணை வீட்டுப் பெண்களுக்குக் கற்பிப்பது அப்பணியின் முக்கியமான பகுதியாயிருந்தது. விளைவித்தலும் விளைந்ததைக் காத்தலும் ஒரே தொழிலின் இரு கைகள் என்பதை அந்நாட்டார் அன்றே உணர்ந்திருந்தனர்.

அந்நாட்டில் இலையுதிர் காலத்தில் பூசணி, ஆப்பிள், கிழங்கு வகைகள் முதலியன ஒருசேர மலிவாகக் கிடைக்கும். அதன்பின் வரும் பனிக்காலத்தில் வடபகுதிகளில் நிலம் உறைந்துபோகும். ஆகையால் மலிவான காலத்தில் வாங்கியவற்றைச் சூப்பாகவும் குழம்பாகவும் சமைத்து, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம் என்று பகுத்து, ஃப்ரீசர் என்னும் உறைபெட்டியில் இட்டு வைக்கின்றனர். வேலை மிகுந்த நாளில் ஒரு பொட்டலத்தை எடுத்துச் சூடாக்கினால் உணவு ஆயத்தமாகிவிடுகிறது. செலவும் குறைகிறது, அடுப்பின் முன் நிற்கும் நேரமும் குறைகிறது.

இவ்வழக்கத்தின் உட்கருத்து முற்றிலும் போற்றத்தக்கது. மலிந்த காலத்தில் எடுத்து வைத்து, அரிய காலத்தில் உண்ண வேண்டும் என்பதே அது. ஆனால் கருத்தை மேற்கொள்வதற்காகக் கருவியையும் அப்படியே மேற்கொள்ள வேண்டும் என்பதில்லை. அங்கே எடுத்து வைக்கும் காலம் குளிர் தொடங்கும் காலம். இங்கே எடுத்து வைக்கும் காலமோ வெயில் உச்சத்தில் நிற்கும் காலம். அவர்களுக்கு விலை கொடுத்து வாங்கிய பெட்டி செய்வதைத் தமிழ்நாட்டில் சித்திரை வெயில் விலையின்றிச் செய்து தருகிறது.

உறைபெட்டியின் எல்லை

குளிர்சாதனப் பெட்டி இன்று கிராமங்களிலும் பரவியிருக்கிறது. அதை வேண்டாம் என்று விலக்குவது பேதைமை. அதன் உறை அறை உரிய குளிர்ச்சியில் இருக்குமாயின் சில பண்டங்களுக்கு அதனினும் சிறந்த காப்பு இல்லை. மார்கழி, தை மாதங்களில் வரும் பச்சை மொச்சையை உரித்து, கொதிநீரில் இரண்டு நிமிஷம் இட்டு எடுத்து, குளிர்ந்த நீரில் ஆறவைத்து, நீர் வடித்துச் சிறு பொட்டலங்களாக உறையவைத்தால் பல மாதங்கள் பசுமை மாறாதிருக்கும். துருவிய தேங்காயும் அவ்வாறே.

எனினும் இரண்டு எல்லைகளை மறத்தலாகாது. உணவு நெடுநாள் கெடாதிருக்கப் பூஜ்யத்துக்குக் கீழ் 18 பாகை செல்சியஸ் குளிர்ச்சி வேண்டும். அக்குளிர்ச்சியும் கிருமிகளின் வளர்ச்சியை நிறுத்துமேயன்றி அவற்றையெல்லாம் கொன்றுவிடுவதில்லை. ஆகவே ஒருமுறை முற்றும் உருகி வெதுவெதுப்பான பண்டத்தை மறுபடியும் உறையவைத்து உண்பது ஆபத்து. நிறைய அடுக்கப்பட்ட பெரிய உறைபெட்டி திறக்கப்படாதிருந்தால் மின்சாரமின்றி ஏறக்குறைய இரண்டு நாள் தாங்கும். வீட்டுக் குளிர்பெட்டியின் சிறிய உறை அறை அவ்வளவும் தாங்காது.

மின்சாரம் தவறும் காலமோ பெரும்பாலும் மழையும் புயலும் வரும் காலமே. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபொழுது, நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் திரும்பவில்லை. கூரை தப்பிய வீடுகளிலும் உறைபெட்டிக்குள் இருந்தவை அத்தனை நாள் உணவாக நிற்க வழியில்லை. பீங்கான் ஜாடியில் இருந்த ஊறுகாய்க்கும் பானையில் இருந்த வற்றலுக்கும் மின்சாரத்தின் தயவு வேண்டியதில்லை. சேமிப்பு எந்தக் காலத்துக்காகச் செய்யப்படுகிறதோ, அந்தக் காலத்தில் கைவிடாத முறையையே அதற்கு அடிப்படையாகக் கொள்ள வேண்டும். உறைபெட்டி அதற்குத் துணையாக நிற்கலாம்.

வெயிலின் கணக்கு

காய் கெடுவதற்குக் காரணம் அதிலுள்ள நீர். கத்தரிக்காயில் நூற்றுக்கு 92 பங்கும், தக்காளியில் 94 பங்கும், கொத்தவரையில் 80 பங்குக்குச் சற்று மேலும் நீராகும். இந்நீர் பத்தில் ஒரு பங்குக்குக் கீழ் இறங்கும் வரையில் உலர்த்தி, ஈரக்காற்றுப் புகாமல் மூடிவைத்தால் பூசணம் தழைப்பதில்லை. உப்பும் மோரின் புளிப்பும் இக்காப்புக்கு உதவி புரிகின்றன.

இக்கணக்கின்படி 10 கிலோ கத்தரிக்காய் நன்கு உலர்ந்தால் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவும், 10 கிலோ கொத்தவரை ஏறக்குறைய இரண்டு கிலோவாகவும், 10 கிலோ தக்காளி முக்கால் கிலோவுக்கும் குறைவாகவும் நிற்கும். ஆறு பேர் உள்ள ஒரு குடும்பத்தில் ஐப்பசி முதல் மார்கழி முடிய வாரத்துக்கு இருமுறை வற்றல் குழம்பு வைப்பதாகக் கொண்டால், மூன்று மாதத்தில் 26 முறை ஆகிறது. ஒரு முறைக்கு 40 கிராம் வற்றல் என்றால் ஒரு கிலோவும் சற்று அதிகமும் போதும். அதாவது சந்தையில் விலைபோகாத ஒரு கூடைக் கத்தரிக்காய், மழைக்காலம் முழுவதும் வாரத்தில் இரண்டு நாள் குழம்புக்குக் கடைக்குப் போகாமல் காப்பாற்றுகிறது. இதற்கு ஆகும் ரொக்கச் செலவு உப்பின் விலை மட்டுமே.

எதனை எவ்வாறு வைப்பது

மாசி பிற்பகுதி முதல் ஆனி முற்பகுதி வரையில் இவ்வேலைக்கு உரிய காலம். ஆடி பிறந்தால் காற்று மண்ணை வாரி இறைக்கும். அதற்குமுன் முடித்துவிடுதல் நலம்.

கத்தரி, கொத்தவரை: முற்றாத காய்களைக் கழுவி, கத்தரியை நீளவாட்டில் நறுக்கியும் கொத்தவரையைக் காம்பு கிள்ளியும், உப்பிட்டுக் கொதிக்கும் நீரில் இட்டு எடுக்க வேண்டும். கத்தரிக்கு இரண்டு நிமிஷமும் கொத்தவரைக்கு நான்கு நிமிஷமும் போதும். நீரை ஒட்ட வடித்து, தூய வேட்டியில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, மூன்று நான்கு நாள் காயவிட வேண்டும். மாலையில் பனி இறங்குமுன் வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும்.

சுண்டைக்காய், மணத்தக்காளி: சுண்டையை இலேசாகத் தட்டி விதை அலசி, உப்பிட்ட புளித்த மோரில் இரவு முழுவதும் ஊறவைத்துப் பகலில் உலர்த்த வேண்டும். மூன்று நாள் இவ்வாறு செய்து, பின்னர் மோரின்றி நொறுங்கக் காயவிட வேண்டும். மணத்தக்காளியைத் தட்டாமல் அவ்வாறே செய்யலாம்.

மாவற்றல்: தோப்புடையவர்கள் சித்திரைக் காற்றில் உதிரும் காய்களைச் சல்லிசாகத் தள்ளிவிடுகின்றனர். அவற்றில் அடிபடாதவற்றைப் பொறுக்கி ஓட்டோடு துண்டு செய்து, கிலோவுக்கு 100 கிராம் உப்பிட்டு ஜாடியில் ஓரிரவு வைக்க வேண்டும். பகலில் துண்டுகளை உலர்த்தி மாலையில் அவ்வுப்பு நீரிலேயே திரும்ப இட்டு, நீர் முழுவதும் வற்றிய பின் சருகாகக் காயவிட வேண்டும். பருப்புக் குழம்புக்கும் கருவாட்டுக் குழம்புக்கும் இதற்கு இணை இல்லை. இது இருக்கும் வீட்டில் புளிச் செலவும் குறையும்.

மோர்மிளகாய்: ஒரு கிலோ பச்சைமிளகாயைக் காம்போடு நுனியில் கீறி, ஒரு லிட்டர் கெட்டியான புளித்த மோரிலும் 150 கிராம் உப்பிலும் இரண்டு நாள் ஊறவைக்க வேண்டும். பின்னர்ப் பகல் வெயிலும் இரவு மோருமாக, மோர் முற்றும் சுவறும் வரையில் செய்து வெளுக்கக் காயவிட வேண்டும்.

வெங்காய வடகம்: சின்ன வெங்காயம் 2 கிலோ, பூண்டு 200 கிராம், ஊறவைத்த உளுத்தம்பருப்பு 200 கிராம், கடுகும் சீரகமும் வகைக்கு 50 கிராம், வெந்தயம் 25 கிராம், மஞ்சள்தூள், கறிவேப்பிலை, உப்பு 100 கிராம். வெங்காயத்தையும் பூண்டையும் ஒன்றிரண்டாக இடித்து மற்றவற்றோடு பிசைந்து ஓரிரவு பானையில் மூடிவைத்து, மறுநாள் உருண்டை பிடித்து வெயிலில் வைக்க வேண்டும். மாலையில் உருண்டைகளை உடைத்துப் பிசைந்து பானையில் இட்டு, காலையில் மறுபடியும் பிடிக்க வேண்டும். நான்கைந்து நாள் இவ்வாறு செய்தபின் சிறிது விளக்கெண்ணெய் தடவி உருட்டி, உள்ளும் புறமும் இறுகும் வரையில் காயவிட்டால் ஓராண்டு கெடாது. வெங்காயம் கிலோ எவ்வளவு விற்றாலும் இவ்வடகத்தில் ஒரு துண்டு கிள்ளித் தாளித்தால் குழம்பு மணக்கும்.

தக்காளி: நன்கு பழுத்ததை அரை விரற்கடைக் கனத்தில் வட்டமாக அரிந்து, சிறிது உப்புத் தூவி, வலையின்மேல் பரப்பிக் கடும் வெயிலில் மூன்று நான்கு நாள் வைக்க வேண்டும். ஒடித்தால் ஒடியும் பதம் வந்தபின் புட்டியில் அடைத்து, வேண்டும்பொழுது இரசத்திலும் சாம்பாரிலும் இடலாம்.

புளிக்காய்ச்சல்: மாசி, பங்குனியில் வரும் புதுப்புளியில் கால் கிலோவைக் கெட்டியாகக் கரைத்து, கால் லிட்டர் நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, மிளகாய்வற்றல், பெருங்காயம், மஞ்சள் தாளித்து, உப்பிட்டு எண்ணெய் பிரியும் வரையில் காய்ச்சி, வறுத்த வெந்தயப்பொடி தூவி இறக்கி, ஈரமற்ற ஜாடியில் வைத்தால் ஒரு மாதம் இருக்கும். சம்பா நடவும் களையெடுப்பும் நடக்கும் புரட்டாசி, ஐப்பசியில் பெண்கள் விடியலிலேயே வயலுக்குச் செல்லும் வீட்டில், சோறு மட்டும் வடித்துப் பிசைந்தால் கட்டுச்சோறு ஆயத்தம். பிற நாட்டார் உறைபெட்டியில் தேடும் சௌகரியம் இந்த ஜாடியிலேயே இருக்கிறது.

இவ்வளவும் இருக்கும் வீட்டில் ஏழு நாள் விடாத மழை பெய்தாலும் ஒரு நாள் சுண்டைவற்றல் குழம்பு, ஒரு நாள் மாவற்றலிட்ட பருப்புக் குழம்பு, ஒரு நாள் புளியோதரை, ஒரு நாள் வடகத் துவையல், ஒரு நாள் தக்காளி இரசமும் கொத்தவரை வற்றலும், ஒரு நாள் பழையதும் மோர்மிளகாயும் என்று சுவை மாறிக்கொண்டேயிருக்கும். கொல்லையில் நிற்கும் முருங்கைக்கீரையும் வீட்டுப் பருப்பும் சேர்ந்தால் உடலுக்கு வேண்டுவனவும் பெரும்பாலும் அமைந்துவிடும்.

நேரும் பிழைகள்

வற்றல் போட்டுப் பார்த்தோம், பூத்துவிட்டது என்று கூறிக் கைவிட்டவர் பலர். பூத்ததற்குக் காரணம் முறையன்று, பதம் தவறியதே. மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும் வற்றலை அவசரமாக அடைப்பதே முதற்பிழை. ஒடித்தால் வளையாமல் முறிய வேண்டும். வெயிலிலிருந்து எடுத்த சூட்டோடு அடைப்பது இரண்டாம் பிழை; மூடியில் வியர்க்கும் நீரே பூசணத்துக்கு வித்தாகும். ஆறவிட்டு அடைத்து, புரட்டாசி வெயிலில் மீண்டும் ஒரு நாள் காயவைத்து மூடினால் மழைக்காலம் முழுவதும் அச்சமில்லை.

பூசணம் பிடித்ததைத் துடைத்து வறுத்து உண்ணலாம் என்பது மிகவும் தவறான எண்ணம். ஈரத்தோடு குவித்து வைத்த நிலக்கடலையிலும் மிளகாயிலும் ஒருவகைப் பூசணம் அஃப்ளடாக்ஸின் என்னும் நஞ்சை உண்டாக்குகிறது. அது ஈரலைக் கெடுப்பது. சாதாரணச் சமையல் சூட்டில் அழியாதது. அத்தகைய பண்டத்தை மாட்டுக்கும் இடாமல் எறிந்துவிட வேண்டும்.

குடியானவர் வீடுகளுக்கே உரிய பிழைகள் வேறு சில உண்டு. உரச்சாக்கை விரித்து அதன்மேல் வற்றல் உலர்த்துவதும், பூச்சிமருந்து வந்த டப்பாவைக் கழுவி அதில் அடைப்பதும் ஒருகாலும் கூடா. பூச்சிமருந்து தெளித்த தோட்டத்தில் அம்மருந்துக்குக் குறித்த காத்திருப்பு நாட்கள் கழிந்த பின்னரே பறிக்க வேண்டும். காயின் நீர் வற்றும்பொழுது மருந்தும் உடன் வற்றிப்போகும் என்று எண்ணலாகாது. தார்ச்சாலையில் பரப்புவதால் புழுதியும் வண்டிப் புகையும் உணவில் சேர்கின்றன. போவோர் வருவோர் உயிருக்கும் தீங்கு நேர்கிறது.

ஊறுகாயில் உப்பைக் குறைத்துப் பார்ப்பதும் பிழையே. மொத்த எடையில் நூற்றுக்கு 12 பங்குக்குக் குறையாமல் உப்பு இருத்தல் வேண்டும். உப்பைக் குறைக்க விரும்புவோர் உண்ணும் அளவைக் குறைக்க வேண்டும். புளிப்பில்லாத காய்களை வேகவைத்துக் காற்றுப் புகாத புட்டியில் அடைத்துவைக்கும் மேனாட்டு முறையை உரிய அழுத்தக் கருவியின்றி வீட்டில் முயலுதல் உயிருக்கே ஆபத்து. வெயிலில் உலர்த்துவதில் அவ்வபாயம் இல்லை.

மறுப்புகளும் விடைகளும்

உலர்ந்த காயில் சத்து இல்லை என்பது ஒரு மறுப்பு. வெயிலில் வைட்டமின் சி பெரும்பகுதி அழிகிறது என்பது மெய்யே. நார்ச்சத்தும் தாது உப்புக்களும் பெரும்பாலும் நிற்கின்றன. ஆகவே வற்றல் பச்சைக்காய்க்கு மாற்றாக மாட்டாது. பச்சைக்காய் அரிதான நாளுக்குத் துணையாகும். கீரையும் எலுமிச்சையும் கூடவே இருத்தல் வேண்டும். உப்பைப் பற்றிய அச்சமும் நியாயமானதே. பெரியவர் ஒருவர் நாளொன்றுக்கு உண்ணும் உப்பு மொத்தம் 5 கிராமுக்கு மிகலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மோர்மிளகாயையும் ஊறுகாயையும் மிகவும் சுருக்க வேண்டும். குழம்புக்கு வைக்கும் வற்றலை வெந்நீரில் அலசியிட்டு, குழம்பில் தனி உப்பைக் குறைத்துக்கொள்ளலாம்.

கடையில் பொட்டலமாகக் கிடைக்கும்பொழுது வீட்டில் ஏன் பாடுபட வேண்டும் என்பது மற்றொரு மறுப்பு. வெளியூரில் குடியிருப்பவர்க்கு அது பொருந்தலாம். தன் தோட்டத்துச் சுண்டைக்காய் காக்கைக்கு இரையாக, அதே காயின் வற்றலைப் பல மடங்கு விலை கொடுத்து வாங்குவது நிலமுடையவருக்கு அழகன்று.

எல்லாவற்றிலும் வலிய மறுப்பு, பெண்களின் உழைப்பைப் பற்றியது. வயல்வேலை, மாட்டுவேலை, பிள்ளை வளர்ப்பு இவற்றின்மேல் இதையும் சுமத்துவது தகுமா என்று கேட்பவர் கேள்வியில் உண்மை இருக்கிறது. இவ்வழக்கம் பல வீடுகளில் நின்றுபோனதற்குப் பெண்களின் சோம்பல் காரணமன்று. உதவிக்குக் கைகள் இல்லாமையே காரணம். முன்னர்க் கூட்டுக்குடும்பத்தில் ஐந்தாறு பேர் பகிர்ந்து செய்த வேலை இன்று ஒருத்தியின் தலையில் விழுகிறது. காயைப் பறித்து வந்து போடுவதும், களத்தைக் கூட்டிக் கொடுப்பதும், மாலையில் தட்டுகளை உள்ளே எடுத்து வைப்பதும் ஆண்களால் ஆகாத வேலைகள் அல்ல. வயலில் நடவுக்குக் கூலி கொடுப்பவர், வடகம் போடும் நாளில் இரண்டு பெண்களுக்குக் கூலி கொடுத்து உதவிக்கு அமர்த்துவதை வீண் செலவென்று கருதலாகாது. அக்கூலி மழைக்காலத்துக் கடைச் செலவிலேயே திரும்பிவிடும்.

ஊர்ப் பொறுப்பாளர் செய்யக்கூடியது

குறுகிய வீடும் மாடியில்லாத கூரையும் உடையவர்க்கு உலர்த்த இடமில்லாமையே பெருங்குறை. பல ஊர்களில் தானியம் உலர்த்துவதற்கென்று சிமெண்டுக் களங்கள் கட்டப்பட்டிருக்கின்றன. அறுவடை முடிந்து, அடுத்த அறுவடை வரும் வரையில் அவற்றுள் சில வெறுமையாகக் கிடக்கின்றன. சில ஜல்லியும் மணலும் கொட்டப்பட்டு யாருக்கும் பயனின்றிப் போகின்றன. ஊராட்சித் தலைவரும் கிராம நிர்வாக அலுவலரும் மனம் வைத்தால், சித்திரை, வைகாசி மாதங்களில் களத்தின் ஒரு பகுதியைக் கழுவி, ஆடும் நாயும் புகாதபடி வலை கட்டி, வற்றலும் வடகமும் உலர்த்தும் பெண்களுக்கு முறை வைத்து விடலாம். நிலமில்லாத கூலிக் குடும்பங்களுக்கும் அம்முறையில் இடம் இருத்தல் வேண்டும். மழைக்காலத்தில் வேலையும் காயும் ஒருசேர அற்றுப்போவது அவர்களுக்கே. நிலமுடையவர் விலைபோகாத காயை அழுக விடுவதினும் அவர்கள் பறித்துக்கொள்ள விடுவது தருமமும் ஆகும். தோட்டத்துக்கு நலமும் ஆகும்.

மகளிர் சுய உதவிக் குழுக்கள் உள்ள ஊர்களில் இதனை ஒரு படி மேலே கொண்டு செல்லலாம். வேளாண்மைப் பொறியியல் துறை மானியத்தோடு அமைக்க உதவி வந்திருக்கும் சூரிய கூடார உலர்த்தியில் புழுதியும் ஈயும் அணுகுவதில்லை; வெயிலில் ஆகும் நாட்களும் குறைகின்றன. தஞ்சாவூரில் உணவு பதப்படுத்தும் தொழில்நுட்பத்துக்கென்றே மத்திய அரசின் கல்வி, ஆராய்ச்சி நிலையம் ஒன்று இயங்குகிறது. முதலில் வீட்டுக்கு, மிஞ்சினால் விற்பனைக்கு என்ற ஒழுங்கு இருத்தல் வேண்டும். விற்பனை ஆசையால் வீட்டு ஜாடி காலியாயிருக்குமாயின், எடுத்த காரியத்தின் நோக்கமே தவறியதாகும்.

முடிவாக ஒன்று கூறத்தகும். வரவு செலவுக் கணக்கு எழுதும் குடியானவர்கள் உரத்தின் விலையையும் ஆட்கூலியையும் கருத்தாகக் குறிக்கின்றனர். ஐப்பசி முதல் மார்கழி வரையில் காய்கறிக்குக் கடையில் கொடுத்த பணத்தையும் இவ்வாண்டு ஒரு பக்கத்தில் எழுதி வருவார்களாக. தை பிறந்தபின் அத்தொகையைக் கூட்டிப் பார்ப்பவர், வரும் பங்குனியில் விலைபோகாத கூடையை மேட்டில் கொட்டமாட்டார். வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து இறக்குவார். சித்திரை வெயில் ஆண்டுதோறும் தவறாமல் வருகிறது. அதற்குமுன் களத்தைக் கூட்டி, ஜாடியைக் கழுவி ஆயத்தமாயிருப்பதே உழவர் குடும்பங்களின் கடமை.